எஃப்.ஐ.ஆரோடு முடிந்துபோகும் விபத்துகள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி சாலைப் பாதுகாப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், அவர்கள் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர். நொறுங்கிய வண்டியைப் பார்த்து எதை மாற்றியாக வேண்டும், எதைத் தட்டி எடுத்தால் போதும், எவ்வளவு பணம் கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஓசூரிலிருந்து தொப்பூர் வரைக்கும் காவல் நிலைய வாசல்களில் துருப்பிடித்துக் கிடக்கும் வண்டிகள் பலவற்றின் கதை எனக்குத் தெரியும். என் அறிக்கை வண்டியோடு நின்றுவிடும். உள்ளே இருந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் வராது.

உங்கள் கூட்டத்தில் காவல்துறை, போக்குவரத்துத் துறை, நெடுஞ்சாலைத் துறை, தேசிய நெடுஞ்சாலை ஆணையம், சுகாதாரத் துறை எல்லோரும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகிறீர்கள். வேறெங்கும் இந்த ஐந்து பேரையும் ஒன்றாகப் பிடிக்க முடியாது என்பதால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான். நம் இரண்டு மாவட்டங்களிலும் உயிர்ப்பலி நேரும் ஒவ்வொரு சாலை விபத்தையும், போலீஸ் வழக்கோடு கலக்காமல், தனியாக ஒரு பல்துறைக் குழு ஆராய வேண்டும். எப்படி நடந்தது, இறந்தவர் ஏன் இறந்தார் என்று அது எழுத வேண்டும். எழுதியது எங்கள் கண்ணில் பட வேண்டும்.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் காரிமங்கலத்துக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவில் ஒரு கார் லாரியின் பின்னால் போய்ச் செருகிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து டீக்கடைக்காரர்கள் முதலில் ஓடி வருவார்கள். அப்புறம் 108 வரும், ரோந்து வண்டி வரும், கிரேன் வரும். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடித்துத் தீர்க்கும். கிரேன் காரை இழுத்து ஓரம் போடும். சிந்திய ஆயில் மேல் மண்ணைக் கொட்டிக் கண்ணாடிச் சில்லுகளைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு வழி விடுவார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. வழியை அடைத்துக்கொண்டு நின்றால் இன்னொரு வண்டி வந்து மோதும். ஆனால் தடயத்தில் முக்கால்வாசி அந்தத் துடைப்பத்தோடு போய்விடுகிறது.

விடிந்ததும், சம்பவ இடத்தைப் பார்த்து எழுதும் பார்வை மகஜரும் மாதிரி வரைபடமும் தயாராகும். வரைபடத்தில் சாலைக்கு இரண்டு கோடு, வண்டிக்கு ஒரு பெட்டி, மோதிய இடத்துக்கு ஒரு பெருக்கல் குறி. எஃப்.ஐ.ஆரில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து' என்ற வரி இருக்கும். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279, 304ஏ பிரிவுகளில் அந்த வரியை எழுதினார்கள். 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 106 பிரிவுகளில் எழுதுகிறார்கள். பிரிவு மாறியது, வரி அப்படியே இருக்கிறது. அதற்கப்புறம் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து, இயந்திரக் கோளாறால் விபத்து நேரவில்லை என்று சான்று கொடுப்பார். வேறு மாதிரி எழுதினால் க்ளெய்ம் இழுபறியாகும் என்பதால் வண்டிக்காரருக்கும் அந்தச் சான்றுதான் வேண்டும். ஆக, வண்டி நன்றாக இருந்தது என்று ஆகிவிட்டது. சாலையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மிச்சம் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் இறந்துபோயிருந்தால் மறுத்துப் பேசவும் ஆள் இல்லை.

இந்த வரிகளின் கூட்டுத்தொகைதான் மேலே போய் தேசியப் புள்ளிவிவரமாக வருகிறது. 2022இல் நாடு முழுக்கச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. அந்த ஆண்டின் மத்திய அரசு அறிக்கை, இறப்புகளில் 71 சதவீதத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது. வேகம் கொல்லும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். என் கேள்வி வேறு. அந்த 71 சதவீத வண்டிகளின் வேகத்தை அளந்தது யார்? எந்தக் கருவியில்? அறிக்கை காவல் நிலையப் பதிவுகளிலிருந்து தொகுக்கப்படுகிறது. பதிவில் இருப்பது மேலே சொன்ன வரி.

விபத்துகளில் 90 சதவீதத்துக்கு மேல் மனிதத் தவறுதான் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம் அல்லவா? அதன் வேர் பெரும்பாலும் 1979இல் வெளிவந்த அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக ஆய்வுக்குப் போகும். மனிதக் காரணிகள் ஏறத்தாழ 93 சதவீத விபத்துகளில் இருந்தன என்று அது சொன்னது உண்மைதான். கூடவே சாலையும் சூழலும் ஏறத்தாழ 34 சதவீதத்தில், வண்டிக் கோளாறு ஏறத்தாழ 13 சதவீதத்தில் என்றும் சொன்னது. கூட்டிப் பாருங்கள், நூறைத் தாண்டும். ஒரே விபத்தில் இரண்டு மூன்று காரணங்கள் கைகோத்து வருகின்றன என்பதுதான் அதன் பொருள். நாம் முதல் எண்ணை மட்டும் மேடைக்குக் கொண்டுவந்துவிட்டு மற்ற இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிட்டோம்.

சரி, தனியாக ஆராய்கிறவர்கள் அப்படி என்ன பார்க்கிறார்கள்? எனக்குப் பழக்கமான ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சூளகிரிப் பக்கம் இரவில் ஓரமாக நின்ற லாரி ஒன்றின் பின்னால் கார் மோதிய வழக்கு. கார் ஓட்டியவர் தூங்கிவிட்டார் என்று வழக்கு முடிந்திருந்தது. நான் லாரியின் சேதத்தைப் பார்க்கப் போயிருந்தேன். பின்பக்க விளக்கின் மூடி உடைந்து தொங்கியது. உள்ளே பல்பின் கண்ணாடி பொடிந்திருந்தது, இழை மட்டும் மிச்சம். எரிந்துகொண்டிருக்கும் பல்பின் இழை இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகி இளகியிருக்கும். அந்த நேரத்தில் அடி விழுந்தால் சுருள் நீண்டு கோணிக்கொள்ளும். கண்ணாடியும் உடைந்தால் காற்றுப் பட்டு இழை கருத்து, மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி படியும். அணைந்திருந்த பல்பின் இழை குளிர்ந்து விறைப்பாக இருக்கும். ஒன்று சுருள் கலையாமல் நிற்கும், இல்லை பளபளப்பு மாறாமல் பட்டென்று முறியும். அந்த லாரியில் நான் பார்த்த இழை பளபளவென்று முறிந்திருந்தது, பொடி இல்லை. மோதிய நேரத்தில் அந்த விளக்கு எரியவில்லை என்றுதான் அது சொல்கிறது. பிரதிபலிப்புப் பட்டையும் சேறு படிந்து மறைந்திருந்தது. என் அறிக்கையின் படிவத்தில் இதை எழுத இடமில்லை. 'டெயில் லேம்ப் அசெம்பிளி, ஒன்று, மாற்ற வேண்டும்' என்று எழுதினேன். வேறு யாரும் அந்தப் பல்பைப் பற்றிக் கேட்கவில்லை. இப்போது எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டதால் இந்தச் சாட்சியும் அருகிக்கொண்டே வருகிறது என்பது வேறு விஷயம்.

டயர் தடம் இன்னொரு சாட்சி. காய்ந்த தார்ச்சாலையில் ஒரு கார் நான்கு சக்கரமும் பூட்டி 40 மீட்டர் இழுத்துக்கொண்டு போய் நின்றால், உராய்வுக் கெழுவை 0.7 என்று வைத்துக் கணக்குப் போட்டால், பிரேக் பிடித்தபோது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 84 கிலோமீட்டர். பதினோராம் வகுப்பு இயற்பியல்தான். அந்தத் தடத்தின் முடிவில் எதன் மேலாவது மோதியிருந்தால் வேகம் அதற்கும் மேல். இறக்கமா, மழை ஈரமா, வண்டியில் பாரம் எவ்வளவு என்பதற்குத் தகுந்தபடி கணக்கு மாறும். இதற்குத் தேவை ஒரு நாடாவும், ஒரு கேமராவும், தடம் அழிவதற்குள் போய்ச் சேர ஒரு ஆளும். அப்புறம் சீட் பெல்ட். மோதலின் இழுவையைத் தாங்கிய பெல்ட்டில், அது கொக்கி வழியாக ஓடும் இடத்தில், தேய்த்துச் சூடு வைத்ததுபோல் ஒரு பளபளப்பு விழும். போட்டிருந்தாரா இல்லையா என்ற வாதத்துக்கு அதுவே விடை சொல்லும்.

'எப்படி மோதியது' என்பது பாதிக் கேள்விதான். 'ஏன் செத்தார்' என்ற மறுபாதியை முதலில் விடாப்பிடியாகக் கேட்டவர்களில் ஒருவர் ஹ்யூ டிஹேவன். 1917இல் விமானப் பயிற்சியின்போது நேர்ந்த விபத்தில் பிழைத்தவர். மற்றவர்கள் இறந்தபோது தான் ஏன் பிழைத்தோம், தன் வயிற்றுக் காயத்துக்கு இடுப்பு பெல்ட்டின் கொக்கிதானே காரணம் என்று யோசிக்க ஆரம்பித்தார். உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களைத் தேடிப் பிடித்து ஆராய்ந்து 1942இல் கட்டுரை எழுதினார். விழுந்த உயரத்தைவிட, உடம்பு எதன் மேல் விழுந்தது, அது எவ்வளவு அமுங்கிக் கொடுத்தது, விசை உடம்பில் எப்படிப் பரவியது என்பதுதான் உயிரை முடிவு செய்கிறது என்று காட்டினார். இன்றைய காரின் அமுங்கும் முன்பகுதியும் பேனலில் இருக்கும் மெத்தையும் அந்த வழியில் வந்தவை.

நம் நெடுஞ்சாலையில் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன கிடைக்கும்? கார் லாரியின் பின்னால் செருகும்போது அதன் பானெட் லாரிக்கு அடியில் நுழைந்துவிடும். அமுங்குவதற்காகக் கட்டிய பகுதிக்கு வேலையே வராது. லாரியின் பின்கட்டை நேராக முன்கண்ணாடி வழியே முகத்துக்கு வரும். இதைத் தடுக்கத்தான் லாரிக்குப் பின்னால் தாழ்வாக ஒரு தடுப்புக் கம்பி வைக்கச் சொல்கிறார்கள். பல லாரிகளில் அது எஃப்.சி.க்குப் போகும் அன்றைக்கு மட்டும் ஒழுங்காக இருக்கும். பிரேதப் பரிசோதனை அறிக்கையில் 'பலத்த காயங்களால் ஏற்பட்ட அதிர்ச்சியும் ரத்தப்போக்கும்' என்று முடித்துவிடுகிறோம். உடம்பின் எந்தப் பகுதி வண்டியின் எந்தப் பகுதியில் மோதியது என்ற ஒரு வரி அதோடு சேர்ந்தால், அந்தக் கம்பிக்காக எத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று கணக்குத் தெரியும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தடயவியல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இதையெல்லாம் ஒரு சட்டகத்துக்குள் கொண்டுவந்தவர் வில்லியம் ஹேடன் என்ற மருத்துவர். 1966இல் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்புக்கு முதல் தலைவரானவர். மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று குறுக்கே மூன்று. மனிதர், வண்டி, சாலை என்று நெடுக்கே மூன்று. ஆக ஒன்பது கட்டம். ஒவ்வொரு விபத்திலும் ஒன்பதையும் நிரப்பச் சொன்னார். நம் எஃப்.ஐ.ஆர். நிரப்புவது முதல் கட்டத்தை மட்டும்: மோதலுக்கு முன், மனிதர்.

தொப்பூர் கணவாயை அந்த ஒன்பது கட்டத்தில் போட்டுப் பார்ப்போம். 2020 டிசம்பரில் சிமெண்ட் ஏற்றி வந்த லாரி இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்து, வரிசையில் நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை நசுக்கியது. 2024 ஜனவரியில் இரட்டைப் பாலத்தில் லாரி மோதி வண்டிகள் தீப்பிடித்த சி.சி.டி.வி. காட்சியை நாடே பார்த்தது. இரண்டு முறையும் தலைப்புச் செய்தி ஒன்றுதான்: பிரேக் பிடிக்கவில்லை.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை? 40 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் ஏறத்தாழ 39 மெகாஜூல் ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 130 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு அது. சின்ன கியரில் இறங்கினால் இன்ஜின் அதில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டால் மொத்தமும் பிரேக் டிரம்மில்தான் இறங்கும். டிரம் விரிந்து, லைனிங் பளிங்காகி, மிதித்தாலும் பிடிக்காது. சும்மா சும்மா மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக்கை இயக்கும் காற்றும் டேங்கில் தீரும். ஆராய்கிறவர் அந்த டிரம்மைக் கழற்றிப் பார்ப்பார். நீலம் பூத்திருக்கிறதா, உள்முகத்தில் சிலந்தி வலைபோல் வெடிப்பு ஓடியிருக்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் சூடாகி மற்றது சும்மா சுற்றியிருக்கிறதா, கியர் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பார். கியர் நியூட்ரலில் இருந்தால் நாம் ஓட்டுநரைத் திட்டிவிட்டு எழுந்து போய்விடுவோம். அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்பார்: ஏன் நியூட்ரல்? லாரி ஓட்டும் நண்பர்களைக் கேளுங்கள், டீசலைச் சொல்வார்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு டீசல் என்று கணக்கு. மிச்சம் பிடித்தால் ஓட்டுநருக்கு, கூடப் போனால் சம்பளத்தில் பிடித்தம். சேலம் பக்கம் இறங்கும் அந்தக் கணவாய், டீசல் மிச்சம் பிடிக்க நல்ல இடம். அந்தக் கணக்கைப் போட்ட முதலாளி எந்த எஃப்.ஐ.ஆரிலும் வருவதில்லை.

சாலைப் பக்கம் வாருங்கள். இறக்கத்தின் நடுவில் வளைவு எவ்வளவு கூர்மையாகிறது, கட்டமேட்டுப் பக்கம் சாலையின் சாய்மானம் சரியாக இருக்கிறதா, பாலத்துத் தடுப்பு லாரியைத் தாங்குமா காரை மட்டும் தாங்குமா, பிரேக் போன லாரி ஒதுங்குவதற்கு மணலும் சரளையும் கொட்டிய தப்புப் பாதை வேண்டாமா? எச்சரிக்கைப் பலகைகள் நிறைய இருக்கின்றன, ஒலிபெருக்கியிலும் சொல்கிறார்கள், பாராட்டுகிறேன். ஆனால் பிரேக் போன பிறகு பலகை ஒன்றும் செய்யாது. உயர்மட்டச் சாலை வரப்போகிறது, எல்லாம் சரியாகும் என்கிறார்கள். வரட்டும், நல்லதுதான். அது வந்த பிறகும் சரிவு சரிவாகத்தான் இருக்கும், டீசல் கணக்கும் மாறாது.

மோதிய பின் என்ற கடைசி வரிசையில் தமிழ்நாடு நன்றாகவே செய்திருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். 108 இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். உதவப் போகிறவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவில் பாதுகாப்பும் உண்டு.

இப்படி ஒன்பது கட்டமும் நிரப்புகிற ஊர் உண்டா என்று கேட்பீர்கள். பின்லாந்தில் 1968 முதல் செய்கிறார்கள். உயிர்ப்பலி நேரும் ஒவ்வொரு சாலை விபத்துக்கும் ஒரு குழு போகும். அதில் ஒரு போலீஸ்காரர், ஒரு வாகனப் பொறியாளர், ஒரு சாலைப் பொறியாளர், ஒரு மருத்துவர், மனித நடத்தை அறிந்த ஒருவர். ஒவ்வொருவரும் தன் துறைக்கான படிவத்தை நிரப்பி, அப்புறம் சேர்ந்து உட்கார்ந்து பேசி, உடனடிக் காரணம் எது, பின்னணிக் காரணங்கள் எவை, என்ன மாற்ற வேண்டும் என்று எழுதுகிறார்கள். யார் குற்றவாளி, யார் நஷ்டஈடு தர வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் குழுவின் வேலையே இல்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடம்தான். சொன்னால் உள்ளே போய்விடுவோம் என்ற பயம் இருந்தால் யார் உண்மையைச் சொல்வார்கள்? பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 55 லட்சம். நம் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து 2011 கணக்குப்படியே 33 லட்சத்துக்கு மேல். அந்த அளவுக்கு நாமும் ஒரு சின்ன நாடுதான்.

ஸ்வீடன் சாலை நிர்வாகமும் 1997 முதல் உயிர்ப்பலி விபத்து ஒவ்வொன்றையும் ஆழமாக ஆராய்கிறது. ஜெர்மனியில் ஹனோவர், டிரெஸ்டன் நகரங்களில் 1999இல் தொடங்கிய திட்டத்தில், ஆய்வுக் குழுவே ஆம்புலன்ஸ் மாதிரி விளக்கு வைத்த வண்டியில் விபத்து நடந்த இடத்துக்கு விரைகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 விபத்துகள்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பவர்களுக்கு ஒன்று. இந்தியாவில் இந்த வேலையை முறையாகச் செய்கிற 'ரஸ்ஸி' என்ற விபத்துத் தரவுத் திட்டம் 2011 முதல் நடக்கிறது. அதன் மையம் நம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அந்த ஆய்வாளர்கள் விபத்து இடத்தை அளந்து, வண்டியைப் பிரித்துப் பார்த்து, மருத்துவமனைப் பதிவைச் சேர்த்து, ஒவ்வொரு விபத்துக்கும் ஓட்டுநர், வண்டி, சாலை என்று மூன்று பக்கத்துக் காரணங்களையும் பதிகிறார்கள். மும்பை-புனே விரைவுச்சாலையில் இதே மாதிரி விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஓரத்தில் நிற்கும் லாரிகளையும் மூடாமல் கிடந்த தடுப்பு முனைகளையும் சரிசெய்தார்கள். ரோந்தையும் முதலுதவியையும் கூட்டினார்கள். 2016இல் 151 பேர் இறந்த அந்தச் சாலையில் சில ஆண்டுகளில் இறப்பு பாதிக்கும் மேல் குறைந்தது.

விபத்து விவரங்களைப் பதிய நம்மிடம் ஐராட் செயலி இருக்கிறதே என்று உங்களில் யாராவது சொல்லலாம். சென்னை ஐ.ஐ.டி.யும் தேசிய தகவலியல் மையமும் உருவாக்கியது, நல்ல ஏற்பாடு. காவல், போக்குவரத்து, நெடுஞ்சாலை, சுகாதாரம் என நான்கு துறையும் அதில் பதிய வேண்டும். ஆனால் செயலி கேட்கிற கேள்விக்குத்தான் பதில் வாங்கும். பல்பைக் கழற்றிப் பார்க்க ஆள் அனுப்பாது.

கரும்புள்ளிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் 5 பெரிய விபத்துகளோ 10 உயிரிழப்புகளோ நேர்ந்தால் அந்த இடம் கரும்புள்ளி. அதாவது ஐந்து பெரிய விபத்து நேரும் வரையோ பத்துப் பேர் சாகும் வரையோ காத்திருக்கிறோம். அது ஒரு பக்கம் இருக்கட்டும். சரிசெய்தோம், விபத்து குறைந்துவிட்டது என்று கூட்டத்தில் படிக்கும் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ரொம்ப மோசமாக இருந்த மூன்று ஆண்டுகளைப் பார்த்துத்தான் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் நாம் கை வைக்காமலே விட்டிருந்தாலும் எண்ணிக்கை ஓரளவு இறங்கியிருக்கும். ஆய்வாளர்கள் இதற்காகவே, கை வைக்காத அதே மாதிரி இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வேகத்தைக் குறைக்க நீங்கள் சாலைக்குக் குறுக்கே போட்ட ரம்பிள் ஸ்ட்ரிப் உண்மையில் உயிரைக் காப்பாற்றியதா என்பது அப்போதுதான் தெரியும்.

யாரும் சாகாமலே ஆபத்தை அளக்கவும் வழி இருக்கிறது. 1960களின் இறுதியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்கள் தொடங்கி, ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகம் வளர்த்தெடுத்த முறை. ஒரு சந்திப்பில் உட்கார்ந்துகொண்டு, மயிரிழையில் தப்பிய சம்பவங்களை எண்ணுவார்கள். இருவரும் அதே வேகத்தில் போயிருந்தால் மோத இன்னும் எத்தனை நொடி இருந்தது என்று அளப்பார்கள். இப்போது வீடியோவிலேயே செய்யலாம். அதியமான்கோட்டைச் சந்திப்பிலோ குருபரப்பள்ளியிலோ கேமரா வைத்து எண்ண, செட்டிக்கரையிலும் பர்கூரிலும் இருக்கும் அரசு பொறியியல் கல்லூரி மாணவர்கள் போதாதா? புராஜெக்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள் பிள்ளைகள்.

இந்த இடத்தில் எங்கள் கிராமத்துக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ராங் சைடில் வருகிறார்கள், மீடியனைத் தாண்டுகிறார்கள் என்பது நிரந்தரக் குற்றச்சாட்டு. செய்கிறார்கள், பார்த்திருக்கிறேன். நிலம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம். பால் கேன் கட்டிய டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் சொசைட்டிக்குப் போக வேண்டியவர், முறைப்படி போனால் அடுத்த திருப்பம் வரைக்கும் போய்ச் சுற்றி வர வேண்டும். சர்வீஸ் ரோடு பாதியில் நின்றுவிடும். அவர் ராங் சைடில் வரத்தான் செய்வார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீடியனில் செடி இல்லாத இடம் பார்த்துக் குதிப்பார்கள். மீடியன் செடி எங்கே மிதிபட்டு வழுக்கையாகியிருக்கிறது என்று ஒரு நாள் நடந்து பார்த்தால், அடுத்த சுரங்கப்பாதை எங்கே வேண்டும் என்று எந்த ஆலோசகரும் இல்லாமல் தெரிந்துவிடும். ஆய்வுக் குழுவில் ஐந்து நிபுணர்கள் இருந்தாலும் முதல் விசாரணை பக்கத்துப் பஞ்சர் கடையில் நடக்க வேண்டும் என்பேன்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். ரயில் விபத்தை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். ரயில் ஓட்டுகிறவரே ரயில் விபத்தை விசாரிக்கக் கூடாது என்று யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு. சாலையில் அந்த ஏற்பாடு இல்லை. சாலை போட்டவர், டோல் வாங்குகிறவர், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர், எல்லோரும் விசாரணை மேசையின் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். தரத்துக்குக் குறைவாகச் சாலை அமைத்து அதனால் உயிர் போனால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019 திருத்தம் 198ஏ பிரிவில் சொல்கிறது. சாலையின் பங்கு என்ன என்று எழுதுகிற ஆளே இல்லாதபோது அந்தப் பிரிவு யாரைத் தொடும்?

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 135, விபத்துகளின் காரணங்களை ஆழமாக ஆராய மாநில அரசு திட்டம் வகுக்கலாம் என்கிறது. பிரிவு 136, விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதிக்க அதிகாரம் தருகிறது. மாவட்டக் குழுவாக நீங்கள் கூடுவதும் இதே சட்டத்தின் 215ஆம் பிரிவில்தான்.

எடுத்த எடுப்பில் இரண்டு மாவட்டம் முழுக்க வேண்டாம். பாளையம் சுங்கச்சாவடியிலிருந்து தொப்பூர் இறக்கம் முடியும் வரை ஒன்று, கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வரை ஒன்று. இரண்டாவது துண்டை நான் ஏன் சொல்கிறேன் என்று 2016 ஜூனில் மேலுமலையில் லாரியும் பேருந்தும் காரும் மோதிப் பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைவு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு வருடம் செய்து பாருங்கள். காவல் நிலையத்துக்கு ஒரு எஸ்.ஐ.க்கும் ரோந்து வண்டி ஆட்களுக்கும், கிரேன் இழுப்பதற்கு முன் எதை எல்லாம் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு நாள் பயிற்சி போதும்: டயர் தடம் தொடங்கும் இடம், முடியும் இடம், வண்டி நின்ற நிலை, நான்கு விளக்கு, கியர், பெல்ட், தடுப்புக் கம்பி. ஏழெட்டு நிமிட வேலை. வண்டியைப் பிரித்துப் பார்க்கும் வரை உரிமையாளரிடம் விடாதீர்கள். டோல் கேட்டில் பதிவான நேரத்தையும் ஜி.பி.எஸ். பதிவையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கிடைக்காது. கோவையிலிருந்து ஆட்களை வரவழைத்து முதல் சில வழக்குகளைக் கூட இருந்து செய்யச் சொல்லுங்கள். பெயரையும் வண்டி எண்ணையும் நீக்கிவிட்டு ஒவ்வொரு அறிக்கையையும் மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். பரிந்துரை எந்தத் துறைக்கு, எந்தத் தேதிக்குள், செய்தாயிற்றா இல்லையா என்று பக்கத்தில் ஒரு பட்டியல். செலவு என்று வந்தால் காப்பீட்டு நிறுவனங்களைக் கேளுங்கள். பின்லாந்தில் இந்த ஆய்வுகளை ஒருங்கிணைப்பதே காப்பீட்டு நிறுவனங்களின் அமைப்போடு சேர்ந்த நிறுவனம்தான். எங்கள் ஆட்களுக்கும் க்ளெய்ம் குறைந்தால் கசக்காது.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் நடத்துகிறீர்கள். ஹெல்மெட் பேரணி, கண் பரிசோதனை முகாம், கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி எல்லாம் தொடரட்டும். அதற்கு முன் கூடும் கூட்டத்தின் பொருள்நிரலில் இந்தக் கோரிக்கையைச் சேர்க்க வேண்டுகிறேன். கூட்டத்துக்குப் பொதுமக்களில் ஒருவராக என்னைக் கூப்பிட்டால் வருகிறேன். இத்தனை ஆண்டுகளில் நான் எடுத்த படங்கள், டிரம், பல்பு, பெல்ட், நொறுங்கிய பின்கட்டை எல்லாம் தேதிவாரியாக என் கணினியில் இருக்கின்றன. அடையாளங்களை நீக்கி, எஸ்.ஐ.க்களின் பயிற்சிக்கு இலவசமாகத் தரத் தயார்.

இப்படிக்கு,
ஒரு இன்சூரன்ஸ் சர்வேயர்,
நல்லம்பள்ளி, தர்மபுரி மாவட்டம்.